கயாக் ஏற்றவும் உள்ளே படுக்கவும் ஒரு வண்டி: டேப்பும் சாக்பீஸும் வைத்துத் தேர்ந்தெடுத்தது

வண்டி மாற்றலாம் என்று முடிவானதும் முதல் வேலையாக ஒரு டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்புறம் போனேன். எஞ்சின் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஈரமான ஒரு கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகை, நான் தனியாக எந்த உயரம் வரைக்கும் தூக்க முடியும் என்று முதலில் தெரியவேண்டும். இருப்பது இரண்டு கயாக். பெரியது 4.3 மீட்டர் நீளம், 25 கிலோ. சிறியது 3.1 மீட்டர், 20 கிலோ. இரண்டுமே பாலிஎத்திலீனை அச்சில் சுழற்றி வார்த்த சாதாரண பிளாஸ்டிக் கயாக்குகள், கல்லில் உரசினாலும் தாங்கும், ஆனால் கனம் அதிகம். நான்கு வருடமாக இவற்றைச் சுமந்த பழைய ஹாட்ச்பேக்கில், கயாக்கைத் தாங்கக் கூரையின் குறுக்கே மாட்டும் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே 65 சென்டிமீட்டர்தான் இடைவெளி. பெரிய கயாக்கின் மூக்கு எதிர்க்காற்றில் மேலும் கீழும் ஆடும், அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டவேண்டும். உள்ளே கால் நீட்டிப் படுக்கவும் இடமில்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு தீர்வு வேண்டும் என்பதுதான் கணக்கு.

இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கனமான கழியைக் கட்டி, 160, 180, 200 சென்டிமீட்டர் என்று மூன்று உயரங்களில் மாற்றி மாற்றி வைத்து, பெரிய கயாக்கைத் தூக்கி அதன் மேல் சாய்த்துப் பார்த்தேன். முழுக் கயாக்கையும் ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, ஒரு முனையைக் கழியில் சாய்த்துவிட்டு மறுமுனையைப் பிடித்து முன்னால் தள்ளினால் போதும், பாதிக் கனத்தைக் கழியே வாங்கிக்கொள்ளும். 160இல் சிரமமே இல்லை. 180இல் காலுக்கடியில் ஒரு படி வேண்டியிருந்தது, முடிந்தது, ஆனால் கொஞ்சம் காற்றடித்தால் நிச்சயம் கைவிட்டுப் போகும். 200இல் முனையைச் சாய்க்கும்போதே மணிக்கட்டு திரும்பிக்கொண்டது, அதோடு நிறுத்திவிட்டேன். இதைக் காலையில் செய்து பார்த்தால் போதாது. ஐந்தாறு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டுத் தோள் கழன்ற மாதிரி இருக்கும் சாயங்காலத்தில், உள்ளே மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் தேங்கி நிற்கும் கயாக்கோடு செய்து பார்க்கவேண்டும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, அது ஒரே பக்கமாக ஓடி முனையில் சேரும்போது கை அதை நன்றாகவே உணரும். அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன்: கம்பியின் மேல்மட்டம் தரையிலிருந்து 165க்குக் கீழே இருக்கவேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கும் இந்த ஒரு வரி, பட்டியலில் இருந்த முக்கால்வாசி வண்டிகளை வெளியே தள்ளிவிட்டது.

தம்பி முதலிலிருந்தே பிக்கப் கட்சி. "அக்கா, பிக்கப்பே வாங்கிடு. பின்னாடி எதைப் போட்டாலும் ஏறும், கழுவி விட்டா போதும்" என்றான். கழுவிவிடலாம் என்பது உண்மை, மணலும் சேறும் உப்புத்தண்ணீரும் வண்டிக்குள் வராது. "சரிடா, 4.3 மீட்டரை எங்கே போடுவே?" என்று கேட்டு, காகிதத்தில் வரைந்து காட்டினேன். நான்கு கதவு பிக்கப்பின் பின்தொட்டி ஒன்றரை மீட்டர் சுமார். பின்கதவை இறக்கி வைத்தால் இன்னொரு அரை மீட்டர். ஆக இரண்டு மீட்டர் உள்ளே, 2.3 மீட்டர் வெளியே, அதாவது பாதிக்கு மேல் அந்தரத்தில். முன்முனையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் வெளியே இருக்கும் பாதி நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். பின்னால் இழுவைக் கொக்கியில் மாட்டும் நீட்டிப்புச் சட்டம் கிடைக்கிறது, அதைப் போட்டால் தாங்கல் கிடைக்கும், ஆனாலும் பின்னால் வருகிறவருக்கு நீட்டிக்கொண்டிருப்பது தெரிய முனையில் சிவப்புத் துணியும் இரவில் விளக்கும் கட்டவேண்டும், எவ்வளவு நீட்டலாம் என்ற விதியும் இடத்துக்கு இடம் மாறும். அது வேண்டாமென்று தொட்டிக்கும் கேபினுக்கும் மேலே சட்டம் அடித்தால் உயரம் 180ஐத் தாண்டிவிடுகிறது, திரும்பவும் அதே தோள் பிரச்சினை. மூன்று மீட்டர் கயாக் மட்டுமே வைத்திருப்பவருக்குப் பிக்கப் அருமையான வண்டி, இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். நீளமான கயாக்குக்கு அது ஒத்துவராது.

வேன் மேல் எனக்கு ஆசை இருந்தது. உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், மழையில் உள்ளேயே சமைக்கப் பாத்திரம் எடுத்து வைக்கலாம், பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் நேரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். ஆனால் நான் பார்த்த சிறிய வேனின் கூரையே 190, கம்பி போட்டால் இரண்டு மீட்டர். உள்ளே போடலாம் என்றால் நீளம் போதாது, போதுமான நீளமுள்ள பெரிய வேனில் கயாக் உள்ளே படுத்துக்கொள்ளும், நான் வெளியே படுக்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து ஏற்ற உதவும் இறங்கு சட்டங்கள் உண்டு, கயாக்கை இடுப்புயரத்தில் கட்டிவிட்டு வாயு அழுத்தத் தண்டு உதவியோடு மேலே ஏற்றிவிடலாம். நல்ல சாதனம்தான், ஆனால் அதன் சொந்த எடையும் கூரைக் கணக்கில் சேரும்.

அந்தக் கூரைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியின் கையேட்டில் ஓர் எண் இருக்கும். நிறையக் கார்களில் அது 75 கிலோ, சிலவற்றில் 50, சிலவற்றில் 100. கம்பி, கயாக்கை உட்காரவைக்கும் தாங்கிகள், கட்டும் பட்டை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த எண். கூடவே கம்பி செய்தவர் தன் பங்குக்கு ஓர் எண் கொடுத்திருப்பார், இரண்டில் எது சிறியதோ அதுதான் நம் எல்லை. என் கணக்கு இப்படி: கயாக்குகள் 45, கம்பிகள் 6, தாங்கிகள் 4, ஆக மொத்தம் 55. எழுபத்தைந்தில் மிச்சம் 20. கூரைக் கூடாரம் ஒன்று வாங்கி மேலே பொருத்தலாம் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதன் எடை சுமார் 60 கிலோ. நிற்கும்போது கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால்தான் இரண்டு பேர் ஏறிப் படுக்க முடிகிறது. ஓடும்போது பிரேக்கும் வளைவும் பள்ளமும் சேர்ந்து இழுப்பதால் எல்லை அவ்வளவு சிறியதாக இருக்கிறது. கயாக்கும் கூரைக் கூடாரமும் ஒரே கூரையில் ஏறாது என்று அன்றைக்குத் தெளிவாயிற்று, படுக்கை வண்டிக்குள்ளேதான்.

இன்னொரு எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது, மொத்த எடை எல்லை. அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் ஆள், சாமான், கூரைச் சுமை எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து எவ்வளவு மிச்சம் என்று தெரியும். நானும் தம்பியும் 145, கூரைச் சுமை 55, தண்ணீர்க் கேன் 20, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், நீர்புகாப் பைகள் 15, படுக்கை, அடுப்பு, பாத்திரம், சில்லறைச் சாமான் 45, ஆக 280. பார்க்க மலை மாதிரி இருந்த ஏழு இருக்கை வண்டி ஒன்றில் இந்த மிச்சம் 400க்கும் கீழே இருந்தது, அதைவிடச் சிறியதாகத் தெரிந்த ஸ்டேஷன் வேகனில் (கார் மாதிரித் தாழ்வாக இருந்து, கூரை மட்டும் டிக்கியின் கடைசி வரை நீளும் வண்டி) 430. வண்டியின் உருவத்தை வைத்து இதை ஊகிக்கவே முடியாது.

டிரெய்லரையும் யோசித்தேன். தூக்கும் உயரம் இடுப்பளவு, நான்கு கயாக் ஏறும், கூரை எண்ணைப் பற்றிக் கவலையே இல்லை. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்தும்படி சுமையை வைக்கவேண்டும், பின்பாரம் அதிகமானால் வேகமெடுக்கும்போது வால் ஆட ஆரம்பிக்கும். அது பழகிக்கொள்ளக்கூடியதுதான். நான் போகும் கரைகளில் வண்டி திருப்பவே இடமிருக்காது, குறுகலான பாதையில் டிரெய்லரோடு பின்னால் வருவதை நினைத்து விட்டுவிட்டேன். நாலைந்து பேர் கூட்டமாகப் போகிறவர்களுக்கு டிரெய்லரைவிட நல்ல வழி கிடையாது.

நான்கு சக்கர இழுவை, அதாவது நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் வண்டி, வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். மோட்டார் படகு வைத்திருப்பவர் சரிவுத்தளத்தில் இறங்கி, பாசி பிடித்த ஈரக் கான்கிரீட்டில் நின்று படகை வெளியே இழுக்கவேண்டும், அவருக்கு வேண்டும். கயாக்கைக் கரைக்கு மேலேயே இறக்கி, இரண்டு சக்கர உருளியில் வைத்து உருட்டிக்கொண்டு போய்விடலாம். வண்டி தண்ணீர்ப் பக்கமே போக வேண்டியதில்லை. கூடாரமடிக்கும் இடங்களுக்குப் போகும் மண்பாதைகளில் டயரும், வயிற்றுக்கடியில் இருக்கும் இடைவெளியும்தான் கைகொடுக்கின்றன.

இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் நின்றது ஸ்டேஷன் வேகன். தாழ்ந்த கூரை, நீளமான கூரை, கயாக்குக்கு இரண்டுமே வேண்டும். பழைய வண்டிகள் நான்கைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் கூரை முழுக்கக் கண்ணாடி, கம்பி மாட்டும் புள்ளிகளே இல்லை. இன்னொன்றில் கம்பி மாட்டுவதற்காகக் கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் ரெயில் கூரையோடு ஒட்டியிருந்தது, கம்பிக்கு அதற்கென்றே செய்த கால்கள்தான் பொருந்தும். மூன்றாவதை விற்றவர் "கூரை 100 கிலோ தாராளமாகத் தாங்கும்" என்று அடித்துச் சொன்னார், கையேட்டை வாங்கிப் புரட்டினால் 75 என்றிருந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கையேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்காவதில் தூக்கி நிற்கும் ரூஃப் ரெயில், கம்பியை முன்னும் பின்னும் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். கம்பியின் மேல்மட்டம் 158 வரும் என்று அளவு சொன்னது. ரெயிலின் அடிக்கால்களைச் சுற்றித் துரு இருக்கிறதா, உள்கூரைத் துணியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன், மூன்றும் சுத்தம். அதையே வாங்கினேன்.

வாங்குவதற்கு முன்பே உள்ளே படுத்தும் பார்த்தேன், விற்றவர் தயங்காமல் இருக்கையை மடக்கிக் கொடுத்தார். முன் இருக்கை சாதாரண நிலையில் இருக்கும்போது பின்கதவு வரை 172 சென்டிமீட்டர், முன்னால் தள்ளினால் 190. ஆனால் மடக்கிய இருக்கைக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே 7 சென்டிமீட்டர் படி, முன்னால் தள்ளிய இருக்கைக்குப் பின்னே ஒரு பள்ளம். இதைச் சமப்படுத்த 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மேடை ஒன்று அடித்தேன், அடியில் பெட்டிகள் வைக்கலாம் என்று 22 சென்டிமீட்டர் உயரம் வைத்தேன். அழகாகத்தான் வந்தது. மேலே ஏறி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தரையிலிருந்து கூரைக்கு 86 இருந்தது, மேடைக்குப் பிறகு 64. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து உச்சி வரை எனக்கு 85 வேண்டும். உடை மாற்றக்கூட முடியாது. மேடையைப் பிரித்து, கால்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, படியை நிரப்ப மட்டும் 7 சென்டிமீட்டர் சட்டம் ஒன்றும், முன்பள்ளத்துக்குக் கீல் போட்ட ஒரு பலகையும் என்று மாற்றினேன். பலகை பகலில் மடங்கி இருக்கும், இரவில் முன் இருக்கையை நகர்த்தியதும் விரித்துப் போட்டால் தலைப்பக்கம் சமமாகிவிடும். எடையும் 14 கிலோவிலிருந்து 6க்கு வந்தது. அட்டையை வெட்டி முதலில் மாதிரி செய்து பார்த்திருந்தால் ஒரு பிளைவுட் ஷீட் மிச்சமாகியிருக்கும், அடுத்து செய்த எல்லாவற்றையும் அட்டையில் செய்து பார்த்த பிறகே மரத்தைத் தொட்டேன்.

கம்பி பொருத்தும்போது இடைவெளியை 105 சென்டிமீட்டருக்கு வைத்தேன். கயாக்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி நல்லது என்பார்கள், என் பெரிய கயாக்குக்கு அது 143 வரும், பெரும்பாலான கார்களில் அவ்வளவு கிடைக்காது. 65லிருந்து 105க்கு வந்ததிலேயே மூக்கு ஆடுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. பெரியதை 'ஜே' வடிவத் தாங்கியில் ஒருக்களித்து வைத்தேன், பிளாஸ்டிக் கயாக்கின் பக்கவாட்டு விளிம்புதான் அதன் அடிப்பாகத்தைவிட விறைப்பு அதிகம். சிறியதைக் கவிழ்த்து, கம்பிக்கு நுரை உறை போட்டு, அதன் மேல் வைத்தேன்.

பட்டையைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பல்சக்கரம் வைத்து இறுக்கும் ராட்செட் வேண்டாம், கையால் இழுத்தால் கவ்விக்கொள்ளும் சாதாரணப் பக்கிள் போதும். ராட்செட்டில் இரண்டு இழுப்பு அதிகமாகப் போனால் கயாக் நசுங்கும், கைக்கு அது தெரியவே தெரியாது. பாலியெஸ்டர் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள், நைலான் தண்ணீர் குடித்தால் நீளும், மழையில் கிளம்பி ஒரு மணி நேரத்தில் தளர்ந்திருக்கும். பக்கிள் கண்ணாடியில் படாமலிருக்க ரப்பர் உறை இருக்கவேண்டும். கட்டி முடித்த பிறகு கயாக்கைப் பிடித்து உலுக்கினால் வண்டியே சேர்ந்து ஆடவேண்டும், கயாக் மட்டும் தனியாக ஆடினால் கட்டு சரியில்லை.

முதல் ஓட்டத்தில் 70ஐத் தாண்டியதும் கூரையில் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் கயாக்குகளுக்கு நடுவே தட்டையாக ஓடிய பட்டை காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. முறுக்கிய பட்டையில் காற்று ஒரே சீராக மோத முடியாது, அதனால் அதிர்வு பிடிக்காது. மூக்குக்கும் வாலுக்கும் தனித்தனியாகக் கயிறு போட்டேன், முன்னால் பானெட்டுக்கு உள்ளே திருகியிருக்கும் ஒரு துணி வளையத்திலிருந்து, பின்னால் இழுவை வளையத்திலிருந்து. லாரியில் சுமை கட்டுகிறவர்கள் போடுவார்களே, கயிற்றிலேயே ஒரு வளையம் செய்து அதற்குள் விட்டு இழுக்கும் முடிச்சு, அதுதான் இதற்குச் சரி. இறுக்கமாக இழுக்க வேண்டியதில்லை, தொய்வு இல்லாமல் இருந்தால் போதும். மிஞ்சிய கயிற்று நுனியைக் கட்டாமல் விடவே கூடாது, அது அவிழ்ந்து முன்சக்கரத்தில் சிக்கினால் கயாக்கைக் கூரையோடு பிடுங்கிவிடும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80லிருந்து 100க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் கூரையில் கயாக் இருந்தால் 80தான், பெட்ரோல் முள்ளும் அதற்கு நன்றி சொல்கிறது. கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பார்ப்பேன்.

நான் அளக்காமல் விட்டது பின்கதவு. இது மேல்நோக்கித் திறக்கும் கதவு, திறக்கும்போது அதன் விளிம்பு ஒரு வில் மாதிரி பின்னாலும் மேலாகவும் போகிறது. பெரிய கயாக்கின் வால் அந்த வில்லுக்குள் 3 சென்டிமீட்டர் வந்திருந்தது. கையால் திறந்ததால் மெல்ல இடித்து நின்றது, மின்சாரத்தில் தானாகத் திறக்கும் கதவாக இருந்தால் கண்ணாடி போயிருக்கும். கயாக்கை 20 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிக் கட்டினேன், முன்கம்பி எங்கே வரவேண்டும் பின்கம்பி எங்கே வரவேண்டும் என்று கயாக்கில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்துவிட்டேன். இன்னும் ஒரு காரியம், ஏற்றும்போது பின்பக்கம் கூரை விளிம்பில் குளியலறை ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, கயாக்கின் மூக்கை அதன் மேல் சாய்த்துத்தான் தள்ளுகிறேன், பெயிண்டும் பத்திரம், கயாக்கும் வழுக்காது.

இரண்டு இரவு தங்கிய முதல் பயணத்தில் ஒரு பாடம். மதிய வெயிலில் பட்டையைத் தளர்த்தாமல் வண்டியை நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சிறிய கயாக்கின் அடிப்பாகத்தில், கம்பிக்கு நேர்மேலே பட்டை அழுத்திய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. சூட்டில் பிளாஸ்டிக் இளகி, அழுத்தம் அப்படியே பதிந்துவிட்டது. இறக்கி, குழி வெயிலைப் பார்க்கும்படி தரையில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து உள்ளிருந்து கையால் மெதுவாக அழுத்தினேன், "டப்" என்று வெளியே வந்தது. லேசான தடம் இன்னும் இருக்கிறது. இப்போது வண்டி நின்றதும் பட்டையைத் தளர்த்திவிடுவேன், கிளம்பும் முன் திரும்ப இறுக்குவேன்.

இரவில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் விரல் அகலத்துக்கு இறக்கி, கொசுவலைத் துணியைக் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் படுத்தோம். இரண்டு பேர் மூச்சின் ஈரம் முழுக்கக் கண்ணாடியில்தான் வந்து படியும், எதிரெதிர் பக்கம் காற்று ஓடினால் பாதியாகக் குறைகிறது. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பதும், உள்ளே அடுப்புப் பற்றவைப்பதும் உயிருக்கு ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இன்னும் பாக்கியிருப்பது ஈரச் சாமான்களுக்கு ஒரு இடம். வழித்துவிடும் மாதிரி ரப்பர் தரையும், அடியில் துளை போட்ட ஒரு பெட்டியும் அட்டையில் வெட்டி டிக்கியின் இடதுபக்கம் வைத்துப் பார்த்திருக்கிறேன், படுக்கும்போது தம்பியின் காலில் இடிக்கிறது. நான்கு சென்டிமீட்டர் குறைத்து வேறொரு அட்டை வெட்டவேண்டும்.